உங்களுக்குத் தெரியுமா? – வெயிலும் புயலும் நம் வீட்டுக் கூரையும்

கார்த்திகை மாதம் கூடத்தின் நடுவே பாத்திரம் வைத்து ஒழுகும் தண்ணீரைப் பிடிக்கிற வீடுகளில், பழி முழுவதும் மழைமேல் விழும். ஆனால் கூரையைக் கெடுத்தது பெரும்பாலும் ஆறு மாதம் முன்பு அடித்த வெயில். வெயில் பிளந்து வைத்ததை மழை காட்டிக்கொடுக்கிறது. சென்னையிலிருந்து கடலூர், நாகை, தூத்துக்குடி வரை கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் இவை.

● கான்கிரீட் தளம் அசையும். 10 மீட்டர் நீளமுள்ள தளத்தின் சூடு 30 டிகிரி செல்சியஸ் ஏறினால், அது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீள்கிறது. இரவில் குளிர்ந்ததும் பழையபடி சுருங்குகிறது. கோடை முழுக்க, நாள் தவறாமல் இது நடக்கிறது. தளத்தின் மேல் நிற்கும் கைப்பிடிச் சுவர் அதே அளவு சூடேறுவதில்லை. அதே அளவு நகர்வதுமில்லை. இரண்டும் சேரும் மூலையில்தான் முதல் விரிசல் விழும். மாடி ஒழுகுகிறது என்று நடுத்தளத்தை உடைக்கச் சொல்லும் முன், கைப்பிடிச் சுவரின் அடியோரமாக ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

● அந்த விரிசலில் சிமென்ட் பால் ஊற்றி அடைப்பது வீண் செலவு. சிமென்ட் இறுகிவிடும், தளம் அடுத்த கோடையிலும் அசையும், அதே இடம் மறுபடி பிளக்கும். விரிசலை ‘வி’ வடிவில் வெட்டி, தூசியை முழுக்க எடுத்துவிட்டு, தளத்தோடு சேர்ந்து நீளவும் சுருங்கவும் கூடிய சீலன்ட்டை வைத்து அடைக்க வேண்டும். அதற்குமேல் மூலையைச் சரிவாகப் பூசிவிட்டால் தண்ணீர் அங்கே தங்காது.

● சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று வெப்பநிலை 45 டிகிரியைத் தொட்டது. அது நிழலில் அளந்த காற்றின் சூடு. அப்படிப்பட்ட நாளில் வெயிலில் கிடக்கும் வெறும் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிவிடும். அன்று மாலையே இடியோடு ஒரு மழை கொட்டினால், மேற்பரப்பு சில நிமிடங்களில் குளிர்ந்து சுருங்கும். உள்ளே சூடு அப்படியே இருக்கும். மயிரிழை விரிசல்கள் பலவும் இப்படிப் பிறந்தவை. கோடைமழை பெய்த மறுநாள் காலை மாடிக்குப் போனால், ஈரம் உறிஞ்சிய விரிசல்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். ஒரு சாக்பீஸ் எடுத்துப் போய் அவற்றைக் குறித்து வையுங்கள். வெயில் ஏறினால் கோடுகள் மறைந்துவிடும்.

● வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும்; அதாவது ஐப்பசி பிறந்த சில நாட்களில். புரட்டாசியில் வேலையைப் பேசத் தொடங்கினால் கொத்தனார் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் பூச்சு காய்வதற்குள் மழை வந்துவிடுகிறது. பங்குனி முதல் ஆனி வரை உடைப்பும் பூச்சும், ஆடி முடிந்ததும் துப்புரவு, ஆவணியில் தண்ணீர் தேக்கிச் சோதனை, புரட்டாசியில் எஞ்சிய சில்லறை வேலை என்று வைத்துக்கொள்வது நம் பக்கத்து வானிலைக்குப் பொருந்தும். கோடையில் சிமென்ட் வேலை செய்தால் குறைந்தது ஏழு நாட்களாவது ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும். இதில் ஏமாற்றினால் புதிய பூச்சே விரிசல் விடும்.

● ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. 1000 சதுர அடி மாடிக்குக் கணக்கிட்டால் 45,000 லிட்டருக்கு மேல். 2023 டிசம்பர் 18 காலை, காயல்பட்டினத்தில் பதிவான ஒரு நாள் மழை 95 சென்டிமீட்டர். அதே அளவு மாடியில் 88,000 லிட்டர். இவ்வளவும் மூலையில் இருக்கும் ஓரிரு குழாய்கள் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். 1000 சதுர அடிக்கு 4 அங்குலக் குழாய் குறைந்தது இரண்டாவது இருக்கட்டும். ஒன்று அடைத்தாலும் இன்னொன்று காப்பாற்றும்.

● குழாய் வாய் அடைத்துக்கொண்டு அதே மாடியில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அதன் எடை 9 டன்னுக்கு மேல். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்குப் பொறியாளர்கள் வழக்கமாக வைத்துக் கணக்கிடும் கூடுதல் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. அதில் 100 கிலோவை இந்தத் தண்ணீர் ஒன்றே எடுத்துக்கொள்ளும். அடைத்தது என்னவென்று பார்த்தால் பெரும்பாலும் ஒரு கை வேப்பஞ்சருகு, ஒரு பாலித்தீன் பை.

● ஆடிக் காற்று கொண்டுவரும் சருகும் மணலும் மாடியின் தாழ்ந்த மூலையில், அதாவது குழாய் வாய்க்கு நேராகச் சேரும். முதல் தூறலில் அது சேறாகிக் குழாயில் இறங்கி இறுகிவிடுகிறது. ஆடி முடிந்ததும் ஒருமுறை, மழை தொடங்கிய பிறகு வாரம் ஒருமுறை கூட்டி அள்ளினால் போதும். குழாய் வாய்க்குக் குவிந்த வடிவில் பெரிய கண்ணுள்ள மூடி போடுங்கள். கொசுவலை போன்ற பொடிக் கண் வலை கட்டினால் அதுவே அடைப்பாகும்.

● தட்டையாகத் தெரிந்தாலும் மொட்டை மாடி தட்டையாக இருக்கக் கூடாது. 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம் கொடுப்பது நல்ல வழக்கம். மழை நின்ற மறுநாளும் எங்காவது குட்டை தேங்கி நின்றால் அங்கே வாட்டம் கெட்டிருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏழு முதல் பத்து நாட்களே போதும் என்பதால், அந்தக் குட்டை வெறும் கட்டடச் சிக்கல் அல்ல.

● ஒழுகும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து, கம்பி வழியாகவோ பழைய வயர் குழாய் வழியாகவோ ஓடி, பல அடி தள்ளிச் சொட்டும். ஆனாலும் கறையைப் பார்த்துச் சிலவற்றைச் சொல்லிவிடலாம். உட்கூரையும் சுவரும் சேரும் ஓரத்தில் நீளவாக்கில் கறை இருந்தால் கைப்பிடிச் சுவர் மூலையைச் சந்தேகியுங்கள். மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி ஈரம் தெரிந்தால், வேறெங்கோ நுழைந்த தண்ணீர் வயர் குழாய் வழியே வந்திருக்கலாம். முதலில் அந்த இணைப்பை அணைத்துவிடுங்கள். மழையே இல்லாத பங்குனியிலும் கறை காயாமல் இருந்தால் குற்றவாளி கூரை இல்லை, தண்ணீர்த் தொட்டியோ மாடிக் குளியலறைக் குழாயோதான்.

● சந்தேகம் தீராவிட்டால் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. குழாய் வாயை அடைத்து, மாடியில் 2 அங்குலம் தண்ணீர் தேக்கி 24 மணி முதல் 48 மணி நேரம் வைத்து, கீழே உட்கூரையைப் பாருங்கள். பெரிய மாடியானால் மண்ணால் பாத்தி கட்டிப் பகுதி பகுதியாகச் செய்யலாம். எந்தப் பாத்தியில் தண்ணீர் நிற்கும்போது கறை கனக்கிறதோ அங்கேதான் வேலை. முழு மாடிக்கும் பூச்சு விற்க வருகிறவரிடம் இந்தச் சோதனையை முதலில் செய்யச் சொல்லுங்கள். மரச்சட்டம் போட்ட பழைய தளங்களிலும் ஏற்கெனவே காரை பெயர்ந்து கம்பி தெரிகிற தளங்களிலும் இதைச் செய்யவே கூடாது.

● ‘பிள்ளை தலையெடுத்ததும் இன்னொரு மாடி எடுக்கலாம்’ என்று தூண்களின் உச்சியில் கம்பியை நீட்டி விட்டுவைப்பது நம் ஊரில் எங்கும் காண்கிற காட்சி. அந்தக் கம்பி துருப்பிடிப்பது வெளியே மட்டும் இல்லை. கம்பியும் கான்கிரீட்டும் சேரும் இடுக்கில் தண்ணீர் இறங்கி, தூணுக்குள் இருக்கும் கம்பியையும் பிடிக்கிறது. இரும்பு துருவாகும்போது அதன் கனஅளவு இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை பெருகும். உள்ளிருந்து அப்படித் தள்ளுவதால்தான் காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. கடற்காற்றின் உப்பு இந்த வேலையை இன்னும் வேகமாக்கும். நீட்டி நிற்கும் கம்பிக்குச் சிமென்ட் பால் அடித்து, சுற்றிலும் பலம் குறைந்த கான்கிரீட்டால் மூடி வைத்தால், தேவைப்படும்போது உடைத்து எடுத்துக்கொள்ளலாம். சில நூறு ரூபாய் வேலை இது. செய்கிறவர்கள் மிகக் குறைவு என்பது எனக்குத் தீராத வருத்தம்.

● பறவை எச்சத்தில் வந்த அரசம் விதை கைப்பிடிச் சுவர் விரிசலில் முளைக்கும். இலை நான்கு விடும்போதே வேரோடு பிடுங்கினால் கதை முடிந்தது. மேலே மட்டும் கிள்ளி எறிந்தால், வேர் உள்ளே தடித்து, மறு ஆண்டு பழையபடி துளிர்க்கும். விரல் தடிமனுக்குப் போய்விட்டால் இழுத்துப் பார்க்காதீர்கள். செங்கல்லும் சேர்ந்து வரும். பூச்சை உடைத்து வேரை முழுக்க எடுத்துவிட்டு மீண்டும் பூசுவதுதான் வழி.

● சென்னையின் பழைய வீடுகளுக்கென்று ஒரு கூரைமுறையே உண்டு. கட்டடக் கலை நூல்களில் அதற்கு ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று பெயர். தேக்குச் சட்டங்களை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரப்பலகையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். தட்டும்போது கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லக் கரைசலும் தெளிப்பது வழக்கம். கடைசியில் மேலே தட்டோடு பதிப்பார்கள்.

இந்தக் கூரையின் சிறப்பு சுண்ணாம்பில் இருக்கிறது. மயிரிழை விரிசலில் மழைநீர் இறங்கும்போது, மிச்சமிருக்கும் சுண்ணாம்பு அதில் கரைந்து, காற்றுப் பட்டுக் கல்லாகி, விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளும். கெட்டிச் சிமென்ட்டுக்கு இந்தக் குணம் குறைவு. அப்படிப்பட்ட தளத்தின் மேல் சிமென்ட் பூசுவது கெடுதல். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி மரச்சட்டத்தை உளுக்க வைக்கும். இந்த வகைக் கூரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சட்டங்களின் முனைகளை, அவை சுவருக்குள் நுழையும் இடத்தில், தட்டிப் பார்க்க வேண்டும். கரையானும் உளுப்பும் முதலில் தொடங்குவது அங்கேதான். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள்.

● பழைய தட்டோட்டை உடைத்து எடுக்கச் செலவாகும் என்று, அதன் மேலேயே புதிதாக ஜல்லி போட்டுத் தட்டோடு பதிக்கும் வழக்கம் பெருகிவிட்டது. 4 அங்குலக் கனத்தில் செங்கல் ஜல்லித் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 180 கிலோ. 1000 சதுர அடிக்கு 16 டன்னுக்கு மேல் வருகிறது. இந்தப் பாரம் மழையைப் போல வடிந்து போகாது.

● நீர்க்காப்புப் பூச்சு அடித்த சில மாதங்களில் கொப்புளம் கொப்புளமாக எழும்பினால், பூச்சை மட்டும் குறை சொல்ல முடியாது. ஈரத் தளத்தின் மேல் அடித்திருப்பார்கள். உள்ளே சிக்கிய ஈரம் வெயிலில் ஆவியாகி வெளியே வரப் பார்க்கிறது. அடிப்பதற்கு முதல் நாள் மாலை ஒரு பாலித்தீன் தாளை மாடியில் விரித்து நான்கு பக்கமும் ஒட்டி வையுங்கள். மறுநாள் அதன் அடியில் நீர் பூத்திருந்தால் தளம் இன்னும் காயவில்லை. அக்னி நட்சத்திர உச்சி வெயிலிலும் பூச்சு அடிக்கக் கூடாது. பரவுவதற்கு முன்பே காய்ந்து தோலாகிவிடும். அதிகாலையோ மாலையோ பாருங்கள். முதல் கோட் வடக்கு தெற்காக என்றால் இரண்டாவது கிழக்கு மேற்காக.

● வெள்ளை பூசிய மாடி, விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அறையின் சூடு குறைவது ஒரு லாபம். தளம் நீண்டு சுருங்குவதும் குறைவதால் விரிசலும் குறையும். இந்த இரண்டாவது லாபத்தை விற்பவர்களே சொல்வதில்லை. வெறும் சுண்ணாம்பு அடித்தாலும் பலன் உண்டு, ஆண்டுதோறும் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். எந்த வெள்ளையானாலும் தூசி படிந்தால் வலு குறையும். மாசி கடைசியில் ஒருமுறை கழுவிவிடுங்கள். தெலங்கானா 2023-இல் இப்படிப்பட்ட குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது; இந்திய மாநிலங்களில் அதுவே முதல்.

● நம் ஊர் ஓட்டு வீடுகளில் இருக்கும் பட்டை ஓட்டை மங்களூர் ஓடு என்கிறோம். 1865-இல் பாசல் மிஷன் என்ற கிறித்தவ மிஷனரி அமைப்பு மங்களூரில் ஆரம்பித்த தொழிற்சாலையிலிருந்து பரவியது அது. அதற்கு முன் குயவர்கள் கையால் செய்த நாட்டு ஓடுதான். நாட்டு ஓட்டுக் கூரையை ஆண்டுதோறும் மழைக்கு முன் பிரித்து, உடைந்ததை மாற்றி, திரும்ப அடுக்குவார்கள். மங்களூர் ஓட்டுக்கு அந்த வேலை இல்லை என்றாலும், முகட்டு ஓட்டைப் பிடித்திருக்கும் சாந்து வெயிலில் பிளந்திருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். புயல் காற்று முதலில் கிளப்புவது முகட்டையும் ஓரத்தையும்தான். உடைந்த ஓட்டுக்கு மாற்றாகப் பத்து ஓடுகளாவது வீட்டில் இருக்கட்டும். புயல் அடித்த மறுநாள் கடையில் கிடைக்காது.

● தென்னங்கீற்று ஓரிரு ஆண்டுகள்தான் தாங்கும். பனையோலை அதைவிடக் கூடுதலாக உழைக்கும். கீற்றுக் கூரை தண்ணீர் விடாமல் இருப்பதற்குக் காரணம் ஓலையைவிட அதன் சரிவு. சரிவு குறைந்த கூரையில் எவ்வளவு கனமாக மேய்ந்தாலும் ஒழுகும். தீதான் இந்தக் கூரையின் பெரிய பயம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொன்றது. அதன் பிறகே பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்ற அரசு உத்தரவிட்டது. தீபாவளி, கார்த்திகை நாட்களில் மாடியிலிருந்து வாணம் விடுகிறவர்கள், பக்கத்தில் கீற்றுக் கூரை உண்டா என்று பார்த்துவிட்டு விடுங்கள்.

● காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது கூரைமேல் காட்டும் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 72 கிலோமீட்டரில் சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ என்றால், 144 கிலோமீட்டரில் 100 கிலோவை நெருங்கிவிடும். 10 அடி நீளம், மூன்றரை அடி அகலமுள்ள ஒரு தகர ஷீட்டின் மேல் 300 கிலோவுக்கு மேல். அதுவும் காற்று கூரையைக் கீழே அமுக்குவதைவிட மேலே உறிஞ்சித் தூக்குவதே அதிகம். ஓரங்களிலும் மூலைகளிலும் இன்னும் கடுமை. ஆகவே நடுவில் இருப்பதைவிட ஓர வரிசையில் கொக்கி போல்ட்டுகள் நெருக்கமாக இருக்க வேண்டும். போல்ட்டின் ரப்பர் வாஷரை விரலால் அழுத்திப் பாருங்கள். வெயிலில் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஷீட் பறந்து போகாமல் இருக்கக் கல்லும் மண் மூட்டையும் தூக்கி வைக்கிறோம். 2018 கஜா போன்ற புயலில் அந்தக் கற்களே பறந்து ஆளை அடிக்கும்.

● காலித் தண்ணீர்த் தொட்டி புயலில் உருண்டு பறக்கும். நிரப்பி வைத்தால் 1000 லிட்டர் தொட்டி ஒரு டன் எடை. புயல் எச்சரிக்கை வந்ததும் தொட்டியை நிரப்புவது குடிநீருக்கும் நல்லது, கூரைக்கும் நல்லது. டிஷ் ஆன்டெனா, சூரியத் தகடு இவற்றின் போல்ட்டுகளையும் அன்றே முடுக்கிவிடுங்கள்.

● புயலின் கண் ஓர் ஊரைக் கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோது பலரும் இதைப் பார்த்தார்கள். புயல் முடிந்தது என்று மாடிக்கு ஏறிவிடாதீர்கள். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பும். முதல் காற்றில் பாதி கழன்ற ஷீட்டும் ஓடும் பறப்பது அப்போதுதான்.

● எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு கட்டாயமாக்கியது 2003-இல். ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை பெறும் சென்னையில், 1000 சதுர அடி மாடியில் விழுவது 1 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர். முதல் ஓரிரு மழையை மட்டும் கிணற்றுக்கோ தொட்டிக்கோ விடாமல் வெளியே திருப்புங்கள். கோடை முழுக்கச் சேர்ந்த தூசியும் பறவை எச்சமும் அதில்தான் வரும்.

● ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் காய்ந்த நிலையில் தேய்க்கவோ அறுக்கவோ துளையிடவோ கூடாது. அதன் நுண்ணிழைத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரலாம். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. தொட்டே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு, முகக்கவசத்தோடு தொடவேண்டும்.

அந்த ஷீட்டில் இன்னொரு ஆபத்து, அது சொல்லாமல் உடையும். வெயிலில் பல ஆண்டு கிடந்த ஷீட் ஓர் ஆளின் எடையைத் தாங்காது. கூலிக்கு வருகிறவர் ‘பரவாயில்லை சார், பழக்கம்தான்’ என்பார். ஏணியும், சட்டத்துக்குக் குறுக்கே போட ஒரு நீளப் பலகையும், இடுப்புக்குக் கட்ட ஒரு கயிறும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். அவை இல்லாமல் யாரையும் கூரைமேல் ஏற விடாதீர்கள்.